உங்களுக்குத் தெரியுமா? ட்ரக் எஞ்சினும் அதன் கம்ப்யூட்டரும்

✦ அமெரிக்காவில் ‘ட்ரக்’ என்றால் பெரும்பாலும் நம் ஊர் பத்துச் சக்கர லாரி அல்ல. பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்அப் வண்டி. ஃபோர்டின் எஃப் வரிசைதான் 1977 முதல் அங்கே ட்ரக் விற்பனையில் முதலிடம். வண்டியை வாங்கிய கையோடு அதில் எதையாவது மாற்றிப் பார்க்கும் ஆசை அங்கே பலருக்கு உண்டு. பாகத்தை மாற்றினால் எஞ்சின் கம்ப்யூட்டரையும் அதற்கேற்ப டியூன் செய்ய வேண்டுமா, அதாவது அதில் எழுதியிருக்கும் கணக்கைத் திருத்த வேண்டுமா? சில மாற்றங்களுக்கு வேண்டவே வேண்டாம். சிலவற்றுக்கு, டியூன் இல்லாமல் வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூட யோசிக்க வேண்டும்.

✦ பெட்ரோல் எஞ்சினின் கம்ப்யூட்டர் சாதாரண ஓட்டத்தில் விடாமல் பிடித்திருக்கும் எண் 14.7. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று தேவை. எத்தனால் அதிகம் கலந்த ஈ85 எரிபொருளுக்கு இதுவே 9.8 வாக்கில் இறங்கிவிடும். ஈ85-க்கென வடிவமைக்காத வண்டியில் அதை ஊற்ற வேண்டுமானால், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாவிட்டாலும் டியூன் அவசியம்.

✦ எஞ்சினுக்குள் வரும் காற்றைக் கம்ப்யூட்டர் சென்சார் வைத்து அளக்கிறது. உள்ளே போகும் பெட்ரோலை அப்படி அளப்பதில்லை! பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறந்து வைத்தோம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்; மீதி எல்லாம் கணக்கு. இப்போது 50 சதவீதம் பெரிய இன்ஜெக்டரைப் பொருத்துங்கள். கம்ப்யூட்டருக்கு விஷயம் தெரியாது. பழைய நேரத்துக்கே திறக்கும், ஒன்றரை மடங்கு பெட்ரோல் கொட்டும். பிளக் கறுத்துப்போகும், ஐடிலிங்கில் வண்டி குலுங்கும், சைலன்சரில் பெட்ரோல் வாடை அடிக்கும். இன்ஜெக்டர் அளவு மாறினால் டியூன் கட்டாயம். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

✦ “கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொள்ளும்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். இதற்கு ‘ஃபூயல் ட்ரிம்’ என்று பெயர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் இந்த எண்ணைக் கண்ணால் பார்க்கலாம். நல்ல வண்டியில் அது பூஜ்யத்தை ஒட்டியே ஆடும். 18, 20 என்று ஏறி நின்றால், கம்ப்யூட்டர் எதையோ சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பல வண்டிகளில் 25 சதவீதம் வாக்கில் அது கைவிரித்துவிடும். பெட்ரோல் போதவில்லை என்று ‘பி0171’ கோடு விழும், செக் எஞ்சின் விளக்கு எரியும். மேலே சொன்ன பெரிய இன்ஜெக்டருக்குப் பெட்ரோலை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால்தான் சரியாக வரும். அது இந்த எல்லைக்கு அப்பால்.

✦ இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும் நேரத்தில், பல எஞ்சின்களில் இந்த உடனடித் திருத்தம் நின்றுவிடும். கம்ப்யூட்டர் தன் அட்டவணையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பி ஓடும். பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகக்கூடிய கட்டமும் அதுதான். மெதுவாக ஓட்டிப் பார்த்து “நன்றாகத்தானே ஓடுகிறது” என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

✦ ஏர் ஃபில்டரை மட்டும், அதே பெட்டிக்குள், கழுவிப் போடும் ரகத்துக்கு மாற்றினால் டியூன் வேண்டாம். காற்றை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயையே மாற்றினால் கதை வேறு. அந்தச் சென்சாரில் சூடான ஒரு மெல்லிய கம்பி இருக்கும். தன்மேல் ஓடும் காற்று தன்னைக் குளிர்விப்பதை வைத்து அது காற்றின் அளவைச் சொல்கிறது. குழாயின் விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் பரப்பு 21 சதவீதம் கூடும். அதே அளவு காற்று மெதுவாக நகரும், கம்பி குறைவாகக் குளிரும், காற்றே குறைவு என்று கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். சென்சார் இருக்கும் இடத்தில் பழைய விட்டத்தையே காக்கும் கிட்டுகளும் விற்கின்றன. அவற்றில் பல டியூன் இல்லாமலே ஒத்துப்போகும்.

✦ கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றுகிறீர்களா? டியூன் தேவையில்லை. சத்தம் மாறும், அவ்வளவுதான்.

✦ வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை மாற்றினால் கம்ப்யூட்டர் நிஜமாகவே குழம்பும். ரேஸ் ரக கேமில் உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். ஐடிலிங்கில் எரியாத காற்று புகைக்குழாய்க்குப் போய்விடும். அங்கே ஆக்சிஜனைக் கண்ட சென்சார் “பெட்ரோல் போதவில்லை” என்று தகவல் அனுப்பும். ஏற்கெனவே போதுமான பெட்ரோல் உள்ள எஞ்சினில் மேலும் கொட்டும். டர்போவோ சூப்பர்சார்ஜரோ புதிதாகப் பொருத்தினால் பெட்ரோலோடு பிளக் பொறி விழும் நேரத்தையும் பின்தள்ள வேண்டும். அதைச் செய்யாவிட்டால் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும்.

✦ 31 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் போட்டால், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் 113. இதற்கு எஞ்சின் டியூன் வேண்டாம். டயர் அளவைக் கம்ப்யூட்டரில் திருத்தினால் போதும். ஆட்டோமேட்டிக் கியர் சரியான இடத்தில் விழவும் அது உதவும்.

✦ கம்ப்யூட்டரைத் தொடாமலே சக்தி கூட்டக்கூடிய டீசல் ட்ரக் ஒன்று உண்டு. 1994 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் ராமில் இருந்த 12 வால்வு, 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின். அதன் பி7100 டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். உள்ளே இருக்கும் ஒரு சிறு தகட்டை முன்பின் நகர்த்தியே டீசலைக் கூட்டிவிடுவார்கள். இன்றும் அந்த எஞ்சினுக்கு ரசிகர்கள் அதிகம்.

✦ டியூனில் இரண்டு வகை. கையடக்கக் கருவியில் முன்பே எழுதி வைத்திருப்பது ஒன்று. சட்டைக் கடையில் வாங்கும் ரெடிமேட் மாதிரி. ஓரிரு சிறு மாற்றத்துக்கு அது போதும். மற்றது உங்கள் வண்டிக்கென்றே எழுதுவது. டியூனர் முதலில் ஒரு கோப்பு தருவார்; அதை ஏற்றி ஓட்டி, ஓடும்போது பதிவான எண்களை அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் திருத்தி அனுப்புவார். மூன்று நான்கு சுற்று போகலாம். கேம், இன்ஜெக்டர், டர்போ என்று தொட்டவர்கள் இதில் காசுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

✦ கோப்பு ஏறும்போது பேட்டரி இறங்கினால் கம்ப்யூட்டரே செத்துப்போகலாம். அதனால் சார்ஜரை மாட்டி, ஏசி, விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். முடியும்வரை கதவைக்கூடத் திறக்காமல் காத்திருப்பவர்கள் உண்டு.

✦ இனி, வருத்தமான பக்கம். டியூன் என்ற பெயரில் டீசல் ட்ரக்குகளின் புகை வடிகட்டியைக் கழற்றி எறிந்து, அது இல்லை என்பதைக் கம்ப்யூட்டரிடமிருந்து மறைக்கும் வேலையும் நடக்கிறது. 2009-க்குப் பின் வந்த பத்தாண்டில் 5.5 லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்அப்களில் இப்படி நடந்ததாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் கணக்கிட்டது. அந்தப் புகை, 90 லட்சம் டீசல் பிக்அப்களைக் கூடுதலாகச் சாலையில் விட்டதற்குச் சமம் என்றும் சொன்னது. அங்கே அது தூய காற்றுச் சட்டத்தை மீறும் செயல். சக்தி கூட்டுவது ஆசை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில் கரியைக் கலப்பது அநியாயம்.

✦ இந்தியாவில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் 1 முதல் இங்கே பிஎஸ்-6 புகை விதி நடைமுறையில் இருக்கிறது. நம் லாரிகளிலும் புகையைக் கம்ப்யூட்டர்தான் காவல் காக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.