சத்தம் போடத் தெரியாத கீபோர்டு

கலைவிழாவுக்கு இன்னும் இரண்டே நாள். நான்காம் படிவ மாணவி ஒருத்தி அறிவியல் கூடத்துக்கு ஓடி வந்தாள். “சார், கீபோர்டு கெட்டுப்போச்சு. கணினியில செருகினா லைட் எரியுது, சத்தம் மட்டும் வரல.” அது அவள் மாமா கொடுத்த பழைய மிடி கீபோர்டு. கணினியும் பழையதுதான். அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் நான். பழி என் தலையில்!

உண்மையில் கீபோர்டு கெடவில்லை. அதற்குச் சத்தம் போடவே தெரியாது.

இவ்வகைக் கீபோர்டு அனுப்புவது ஒலியை அல்ல, எண்களை. நடு ‘சி’ கட்டையை அழுத்தினால் 144, 60, 100 என்பதுபோல் மூன்று எண்கள் கிளம்பும். 144 என்றால் முதல் தடத்தில் ஒரு சுரம் தொடங்குகிறது. 60 என்பது கட்டையின் எண். 100 என்பது அதை அழுத்திய வேகம். இது 127 வரை போகும். வேகம் எப்படித் தெரிகிறது? கட்டையின் அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் உள்ளன. முதல் புள்ளிக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட நேரம் குறைந்தால் வேகம் அதிகம். நீங்கள் வகுப்பில் படித்த அதே கணக்குதான்!

1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், ஓர் அமெரிக்க நிறுவனத்தின் புராஃபெட் 600 கருவியும் ஜப்பானிய ரோலண்டின் ஜூப்பிட்டர் 6 கருவியும் இப்படித்தான் பேசிக்கொண்டன. அந்த மொழி இன்றும் மாறாமல் உதவுகிறது.

சரி, எண்கள் வந்துவிட்டன. அவற்றை ஒலியாக்க ஒரு மென்பொருள் வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது ஃபுளூயிட்சிந்த். லினக்ஸில் உள்ள ஆல்சா என்னும் பகுதி ஒவ்வொரு கருவிக்கும் மென்பொருளுக்கும் வீட்டு எண் மாதிரி ஓர் எண் தருகிறது. எங்கள் திரையில் கீபோர்டு 20, ஃபுளூயிட்சிந்த் 128. இரண்டும் ஒரே தாமானில் இருந்தும் நடுவே சாலை இல்லை! ‘கனெக்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முன் ‘ஏ’ எழுத்தைச் சேர்த்து, பிறகு 20:0 128:0 என்று தட்டச்சு செய்யச் சொன்னேன். பியானோ ஒலித்தது.

ஆனால் அவள் முகம் மலரவில்லை. “லேட்டா வருது சார்.”

கம்பியில் குற்றமில்லை. பழைய ஐந்து ஊசி மிடி கம்பியில்கூட மூன்று எண்களும் போக ஏறத்தாழ 1 மில்லிவிநாடியே ஆகும். தாமதம் கணினிக்குள் இருந்தது. ஒலியை அது துளித்துளியாக உருவாக்கி, குறிப்பிட்ட அளவு சேர்ந்த பிறகே ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. விநாடிக்கு 48,000 துளிகள் என்றால், 1,024 துளிகள் சேர 21 மில்லிவிநாடி ஆகும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் சுமார் 7 மீட்டர் போய்விடும். வகுப்பறையின் ஒரு கோடியில் உள்ள பியானோவை மறு கோடியில் நின்று வாசிப்பதுபோல! 128 ஆகக் குறைத்துப் பார்த்தோம். தாமதம் போனது, கூடவே பழைய கணினி மூச்சுத் திணறி ‘கரகர’ என்றது. 256-இல் இரண்டும் சமாதானம் ஆயின. தாமதம் 5 மில்லிவிநாடிதான்.

விழா அன்று மேடையில் யாரோ கம்பியைத் தட்டிவிட்டார்கள். மீண்டும் செருகியும் சத்தம் இல்லை. பிடுங்கினால் இணைப்பும் அறுந்துவிடும் என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன். நான் படியேறிப் போவதற்குள் அவளே எண்களைச் சரிபார்த்து, அந்த ஒரு வரியைத் தட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.