நெஞ்சுக்குள்ளே ஒரு பயிற்சிப் பள்ளி

கல்லீரல், கணையம், தைராய்டு எல்லாம் நமக்குப் பழகிய பெயர்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறதே, அதைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? எதிர்வீட்டு மாமிக்கு எழுபது வயசு. செல்போனில் வந்த விளம்பரத்தைக் காட்டி, "ஏண்டி, இந்தத் தைமஸ் பெப்டைடு ஊசி போட்டுண்டா இளமை திரும்புமாமே, நிஜமா?" என்று கேட்டார். விலையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது! தெரிந்த டாக்டரம்மாவிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் வெள்ளை அணுக்களில் ஒரு பகுதி தைமஸுக்கு வந்து பாடம் கற்கிறது. எது நம் உடம்பு, எது அந்நியக் கிருமி என்று பிரித்தறிவதுதான் பாடம். தேறாதவை அங்கேயே அழிந்துவிடும். தேறியவைதான் டி செல்கள். 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்த சுண்டெலிகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். நோயை எதிர்க்கத் தெம்பில்லாமல் அவை நோஞ்சானாகி இறந்தன.

அதற்கு முன் நடந்ததைக் கேட்டால் வயிறு கலங்கும். அமெரிக்காவில் அந்தக் காலத்து டாக்டர்கள், தைமஸ் பெரிதாக இருந்தால் குழந்தைக்கு மூச்சடைக்கும் என்று நம்பி, கைக்குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்-ரே கதிர் பாய்ச்சினார்கள். குழந்தைக்குத் தைமஸ் பெரிதாக இருப்பதுதான் இயல்பு! நோயில் வாடி இறந்த குழந்தைகளின் சுருங்கிய தைமஸைப் பார்த்து, அதுவே சரியான அளவு என்று எண்ணியதால் வந்த வினை. அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பிற்பாடு தைராய்டில் புற்றுநோய் வந்தது.

பருவ வயசுக்குப் பிறகு தைமஸ் சுருங்கி, கொழுப்பு படிய ஆரம்பிக்கும். பெரியவர்களுக்குச் சளிக் காய்ச்சல்கூடக் கடுமையாவதற்கும், தடுப்பூசி அவ்வளவாகப் பலிக்காததற்கும் இதுவும் ஒரு காரணம்.

சரி, ஊசி விஷயத்துக்கு வருவோம். பெப்டைடு என்பது புரதத்தின் சின்னத் துண்டு. 1966-ல் நியூயார்க்கில் கோல்ட்ஸ்டீன், ஒயிட் என்ற இருவர் கன்றுக்குட்டியின் தைமஸிலிருந்து எடுத்த சாரத்துக்குத் தைமோசின் என்று பெயரிட்டார்கள். அதிலிருந்து பிரித்த தைமோசின் ஆல்ஃபா-1 என்ற பெப்டைடை இப்போது செயற்கையாகவே தயாரிக்கிறார்கள். சில நாடுகளில் ஹெபடைடிஸ்-பி மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் கிருமி பரவி ஆபத்தான நிலையில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சீனாவில் சோதித்தபோது, இறப்பு குறையவில்லை. 2025-ல் வெளிவந்த முடிவு இது. வயசைத் திருப்பும் என்பதற்கோ நிரூபணமே இல்லை.

"மாமி, அந்தப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி உங்களுக்குத் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கோ" என்றேன். உடனே சம்மதித்தார்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சத்துக் குறைந்தால் குழந்தையின் தைமஸ்தான் சீக்கிரம் சுருங்கும். நல்ல ஆகாரம் கொடுத்தால் மறுபடி வளரும். டென்மார்க்கில் 1996-ல் வெளியான ஆய்வில், நாலு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளின் தைமஸ், புட்டிப்பால் குழந்தைகளுடையதைவிடச் சுமார் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. தைமஸ் சுரக்கும் தைமுலின் என்ற பெப்டைடு வேலை செய்யத் துத்தநாகச் சத்து வேண்டும். பருப்பு, கொண்டைக்கடலை, எள், வேர்க்கடலை, முட்டை, மாமிசம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால், பிறகு பருப்பு மசித்த சாதம், தவறாமல் தடுப்பூசி. தைமஸ் நன்றாக வேலை செய்யும் இந்தச் சின்ன வயசில் நாம் செய்யக்கூடியது இதுதான். வேண்டாத ஊசியைவிட இது எவ்வளவோ மேல்!