குழந்தைக்கேற்ற ஆசிரியர்

கண் காணாமை, செவி கேளாமை, பேச்சு வராமை, அறிவு வளர்ச்சி தாமதித்தல் என்பவற்றுள் ஒன்றால் ஏனைய பிள்ளைகளோடு ஒருங்கிருந்து கற்க இயலாத குழந்தை ஒரு வீட்டில் இருக்குமாயின், அதன் பெற்றோர் வீட்டுக்கு வந்து கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரைத் தேடுதல் இயல்பே. அத்தகைய பெற்றோர் சிலர் என்னிடமும் வருவதுண்டு. அவர்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டே. "அவர் என்ன பரீட்சை தேறியவர்?" என்பது ஒன்று, "பிள்ளையில் இரக்கம் உள்ளவரோ?" என்பது மற்றையது. இரண்டும் கேட்கத்தக்க வினாக்களே. ஆயின் இவை போதுமா என்பதை ஒரு மெய் வரலாறு கொண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1880ஆம் ஆண்டு பிறந்த ஹெலன் கெல்லர், 19ஆம் மாதத்தில் வந்த நோயினாற் பார்வையையும் கேள்வியையும் இழந்தாள். லோறா பிரிட்ஜ்மன் என்னும் பெண் அவ்விரு குறைகளும் உடையவளாய் இருந்தும் அன்று பொஸ்ரன் நகரில் இருந்த பேர்க்கின்ஸ் பாடசாலையிற் கல்வி பெற்ற செய்தியை, சாள்ஸ் டிக்கென்ஸ் எழுதிய நூலொன்றிலே ஹெலனின் தாய் படித்திருந்தார். அச்செய்தி அவருக்கு நம்பிக்கை தந்தது. 1886இல் தந்தையார் குழந்தையைப் போல்ரிமோர் நகரக் கண்வைத்தியர் ஒருவரிடம் கொண்டு சென்றார். பார்வை மீளாது, ஆயினும் கல்வி புகட்டலாம் என்றார் அவர். அவர் சொற்படி அலெக்சாந்தர் கிரகம் பெல்லை அவர்கள் கண்டனர். தொலைபேசியை ஆக்கிய அப்பேரறிஞர் செவிப்புலன் இழந்தோர் கல்வியிலும் வல்லவர். பேர்க்கின்ஸ் பாடசாலைத் தலைவர் அனக்னோசுக்கு எழுதுமாறு அவர் கூறினார்.

அனக்னோஸ் தெரிந்து அனுப்பியவர் ஆன் சலிவன். அவருக்கு வயது 20. ஆசிரியத் தொழிலில் அனுபவம் இல்லை. இளமையிற் கண்நோயாற் பார்வை பெரிதும் குன்றி, வறியோர் விடுதியில் வாழ்ந்து, பின்னர் பேர்க்கின்ஸ் பாடசாலையிற் சேர்ந்து, சத்திர சிகிச்சையால் ஓரளவு பார்வை பெற்றவர் அவர். எனினும் ஆயத்தமின்றி அவர் புறப்படவில்லை. விரலால் உள்ளங்கையில் எழுத்துணர்த்தும் முறையை முன்னரே பயின்றிருந்தார். லோறாவுக்குக் கல்வி புகட்டிய குறிப்புக்களையும் சில மாதங்கள் இருந்து கற்றார். 1887 மார்ச் 3ஆந் திகதி ஹெலனின் வீட்டை அடைந்தார்.

அங்கு அவர் கண்டது இரக்கத்தால் வந்த கேடு. உணவு மேசையிலே பிறர் தட்டுக்களிற் கையிட்டு விரும்பியதை எடுத்துண்பது ஹெலனின் வழக்கம். பாவம் குழந்தை என்று வீட்டார் யாவரும் பொறுத்திருந்தனர். சலிவன் பொறுத்திலர். அயலிலிருந்த தோட்டத்துச் சிறுவீட்டிலே குழந்தையோடு தனித்திருக்க அவர் அநுமதி வேண்டினார், பெற்றோரும் இசைந்தனர். அந்த இரு வாரங்களும் அவர்கள் நாடோறும் வந்து, குழந்தை அறியாதபடி பார்த்துச் சென்றனர். கற்பித்தலிற் குறுக்கிட்டிலர், குழந்தையைக் கைவிட்டுமிலர். ஆசிரியருக்கு உரிமை வழங்குதல் வேறு, பிள்ளையைக் கண்காணாது ஒப்படைத்தல் வேறு. பெற்றோர் வந்து பார்த்தலாகாது என்னும் ஆசிரியரை வீட்டு வாயிலிலேயே திருப்பி அனுப்புதல் நன்று.

ஏப்ரில் 5ஆந் திகதி, நீர்க்குழாயடியில் ஒரு கையில் நீர் வழிய, மறுகையில் அதன் பெயரைச் சலிவன் எழுத, பொருளுக்குப் பெயருண்டென்பதை ஹெலன் உணர்ந்த செய்தியைப் பலரும் அறிவர். அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் அறியார். 15 மாதக் குழந்தையொன்று வீட்டார் பேச்சைக் கேட்டே மொழியறிந்து வருதலைச் சலிவன் உற்று நோக்கினார். அதன் செவியிற் பேசுவதுபோல் ஹெலனின் கையிலும் முழு வாக்கியங்களாகவே பேசுவேன் எனத் துணிந்தார். நேரம் வகுத்து நடாத்திய பாடங்களைக் கைவிட்டார். தம் முறைக்குப் பிள்ளையை வளைக்காது, பிள்ளைக்கேற்பத் தம் முறையை மாற்றினார். 1904இல் ஹெலன் கல்லூரிப் பட்டம் பெற்றபோதும் அவர் உடனிருந்தார். 1936இல் இறக்குமளவும் பிரிந்திலர்.

நம் நன்னூலாரும் பாயிரத்திலே, மாணாக்கன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து அவன் மனங்கொள்ளக் கற்பிக்கவேண்டும் என்கிறார். ஆசிரியராகத் தகாதவர்க்கு அவர் காட்டும் உவமைகள் நான்கும் இங்கே பெரிதும் பயன்படும். கழற்காய் பெய்த குடம் போல்பவர் முறையின்றிக் கொட்டுவர். ஒழுங்கான நாளையே பற்றுக்கோடாகக் கொண்ட குழந்தை கலங்கும். ஏறுதற்கரிய பனை போல்பவர், பிள்ளை கேட்கும் வேளையில் ஈயாது, தாம் நினைத்தபோதே உதிர்ப்பர். பருத்தி அடைத்த குண்டிகை போல்பவர் தாமும் அரிதிற் கொள்வர், பிறர்க்கும் சிறிது சிறிதாகவே கொடுப்பர். தாய் கூறும் குறிப்பு அவர் உள்ளே புகாது. வளைந்த தென்னை போல்பவர், நீர் வார்த்தவன் வளவில் அன்றி அயலான் வளவிற் காய் உதிர்ப்பர். அவர் கவனம் பிள்ளையில் அன்றி வேறெங்கோ இருக்கும்.

ஆதலின் ஆசிரியரைத் தேடும் பெற்றோர்க்கு ஒன்று கூறுவேன். பிரெயில், சைகைமொழி, பேச்சுப்பயிற்சி என்பவற்றுள் பிள்ளைக்கு வேண்டியதை அவர் அறிவாரா என முதலிற் கேளுங்கள். பின்னர் ஒரு மணி நேரம் பிள்ளையோடு இருக்கச் செய்யுங்கள். அவர் பேசுவதினும் அதிகம் பார்க்கின்றாரா? பிள்ளை தானே செய்யக்கூடியதைச் செய்யுமட்டும் காத்திருக்கின்றாரா? முடிவில், பிள்ளையைப் பற்றி நீங்கள் அறியாத ஒன்றை உங்களிடம் கூறுகின்றாரா? ஆம் எனில் அவரைக் கொள்ளுங்கள். கொண்டபின், அவர் "இன்று ஊட்டிவிடாதீர்கள், தானே உண்ணட்டும்" என்று சொல்லும்போது, பிள்ளை அழுதாலும் உங்கள் கையை அடக்கிக்கொள்ளுங்கள். இதற்கு ஆயத்தமில்லாத வீட்டிலே சலிவனே வந்தாலும் பயனில்லை.