பிள்ளையைத் திருத்த வீட்டைப் பார்த்தவர்

பிள்ளை சொல் கேட்பதில்லை, கைநீட்டுகிறான் என்று பெற்றோர் உளவியலாளரிடம் அழைத்துச் சென்றால், அவர் பிள்ளையைத் தனியே இருத்தி விசாரிப்பார் என்றுதான் நாம் எண்ணுவோம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பணியாற்றிய ஜெரால்ட் பெட்டர்சன் (1926 - 2016) என்ற உளவியலாளர் செய்ததோ வேறு. அவர் தம் உதவியாளர்களைப் பிள்ளையின் வீட்டுக்கே அனுப்பினார். குடும்பத்தார் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் விதத்தை, விநாடிக் கணக்கில் அவர்கள் அங்கிருந்தே குறித்துக்கொண்டார்கள்.

அக்குறிப்புகளில் ஒரே சங்கதி திரும்பத் திரும்ப வந்தது. விளையாட்டை நிறுத்தச் சொல்கிறாள் தாய். பிள்ளை சிணுங்குகிறான். தாய் அதட்டுகிறாள். பிள்ளை கத்துகிறான், சாமானைத் தூக்கி எறிகிறான். அலுத்துப்போன தாய், "எப்படியும் போ" என்று விட்டுவிடுகிறாள். கத்தல் நிற்கிறது. ஆனால் கத்தினால் காரியமாகும் என்று பிள்ளை படித்துக்கொண்டான். விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று தாய் படித்துக்கொண்டாள். மறுநாள் அவள் அடிக்கிறாள். பிள்ளை அடங்குகிறான். இப்போது அடிதான் மருந்து என்று அவளுக்குத் தோன்றுகிறது! இருவரும் ஒருவரையொருவர் பலவந்தப்படுத்தப் பழகும் இந்தச் சுழலைப் பற்றி பெட்டர்சன் 1982 இல் விரிவான நூலொன்றை எழுதினார். வீட்டில் பழகியதைப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போகிறான். சக மாணவர் ஒதுக்குகின்றனர், படிப்பு பின்தங்குகிறது, கடைசியில் தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து குற்றத்தில் இறங்குகிறான்.

ஆகவே அவரது சிகிச்சை பெரும்பாலும் பெற்றோருக்கே. கட்டளையைச் சுருக்கமாக, அமைதியாகச் சொல்ல வேண்டும். (பிரம்பு வைத்திருக்கும் ஆசிரியர்களும் கவனிக்கலாம்.) சொன்னதைச் செய்தால் உடனே பாராட்ட வேண்டும். செய்யாவிட்டால் சில நிமிடம் தனியே இருத்துவது, ஒரு சலுகையை நிறுத்துவது போன்ற சிறு தண்டனை போதும். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

தாய்மார் மீது பழி போடுவதாக இதை எவரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. வறுமை, மணமுறிவு, தனிமை ஆகியவை எந்தத் தாயையும் சோர்வடையச் செய்யும். பெட்டர்சனோடு பணியாற்றிய மரியன் ஃபோர்கட்ச் அம்மையார், கணவரைப் பிரிந்து ஆண் பிள்ளைகளோடு வாழ்ந்த 238 தாய்மாரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவர்களுள் ஒரு பகுதியினருக்குக் குழுவாக இப்பயிற்சி அளிக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளின் பின் பார்த்தபோது, பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் பொலிஸில் பிடிபட்டது மற்றவர்களை விடக் குறைவு என 2009 இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அத்தாய்மாருக்குப் பணமோ தொழிலோ எதுவும் கொடுக்கப்படவில்லை. அப்படியிருந்தும், அவர்கள் வறுமையிலிருந்து மீண்டதும் மற்றவர்களை விட விரைவாகவே நடந்திருந்தது.