புற்றுநோய் மருந்தைக் கண்டுபிடித்தவரா? யார் இந்த அசிமா சாட்டர்ஜி?

ஆரணின்னா பட்டு, அடுத்து அரிசி. ஊரைச் சுற்றியுள்ள நெல் வயல்களில் தண்ணீர் தேங்கும் இடத்தில் நாலு இலை விரித்து முளைக்கும் ஆரைக்கீரையைப் பெரும்பாலும் களை என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். வீட்டு வாசலில் ரோஸ் கலரில் பூக்கும் நித்தியகல்யாணியை யாரும் கண்டுகொள்வதே இல்லை. இப்படிப்பட்ட செடிகளுக்குள் என்ன இருக்கிறது என்று தேடியே வாழ்நாளைக் கழித்த ஒரு பெண் இருந்தார். கொல்கத்தாவைச் சேர்ந்த வேதியியலாளர் அசிமா சாட்டர்ஜி.

1917 செப்டம்பர் 23-இல் பிறந்தவர். அப்பா டாக்டர், செடிகொடிகள் மீது ஆர்வம் உள்ளவர். மகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. 1944-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 1947-இல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சிக்காக அமெரிக்கா போனார். பிறகு சூரிச்சில் நோபல் பரிசு பெற்ற பால் காரரிடம் பணியாற்றிவிட்டு 1950-இல் ஊர் திரும்பினார்.

சரி, அவர் செய்த வேலைதான் என்ன? ஒரு செடியில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் கலந்து கிடக்கும். அதில் ஒன்றை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுத்து, அதன் அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்று இதற்குப் பெரிய கருவிகள் உண்டு. 1940, 50-களில் அந்த வசதி மிகக் குறைவு. அதனால் மூலக்கூறை வேதிவினைகளால் உடைத்து, கிடைத்த துண்டுகளை வைத்து முழு வடிவத்தை ஊகிப்பார்கள். ஒரு பட்டுப்புடவையின் பாவையும் ஊடையையும் இழை இழையாகப் பிரித்து, டிசைன் எப்படிப் போட்டிருப்பார்கள் என்று கண்டுபிடிப்பது மாதிரி. அதுவும் அந்தப் புடவையைக் கண்ணால் பார்க்காமலே!

இப்படித்தான் சர்ப்பகந்தா குடும்பச் செடிகளில் உள்ள அஜ்மலிசின் போன்ற ஆல்கலாய்டுகளின் அமைப்பை அவரது குழு ஆராய்ந்தது. பணம்? அதுதான் பெரிய பிரச்சினை. ரசாயனங்களுக்கும், மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பகுப்பாய்வு செய்யவும் பல நேரங்களில் சொந்தக் காசைப் போட்டிருக்கிறார்.

இப்போது வாட்ஸ்அப் விஷயத்துக்கு வருவோம். 'கீமோதெரபி மருந்தைக் கண்டுபிடித்த இந்தியப் பெண்' என்று அவர் படத்தோடு ஃபார்வர்டுகள் சுற்றுகின்றன. அது சரியில்லை. அவர் நித்தியகல்யாணி வகை ஆல்கலாய்டுகளை ஆராய்ந்தது உண்மை. ஆனால் அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் மருந்தைப் பிரித்தவர்கள் கனடாவின் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர். சர்க்கரை நோய்க்கு ஜமைக்காவில் குடிக்கும் கஷாயத்தைச் சோதிக்கப் போனவர்கள் அவர்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. அதில்தான் ரத்தப் புற்றுநோய்க்கான வழி தெரிந்தது. இன்னொரு மருந்தான வின்கிறிஸ்டின், எலி லில்லி நிறுவன ஆய்வில் வந்தது.

இல்லாத பெருமையை ஒட்டவைக்கத் தேவையே இல்லாத அளவுக்கு அவருக்குச் சொந்தச் சாதனைகள் இருக்கின்றன. ஆரைக்கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு நீர்ச்செடியையும் சடாமாஞ்சிலையும் கொண்டு வலிப்பு நோய்க்கான 'ஆயுஷ்-56' உருவானதில் அவர் பெயர்தான் முதலில் வரும். (கீரையைச் சாப்பிட்டால் வலிப்பு போய்விடும் என்று அர்த்தமில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.) சுமார் 400 ஆய்வுக் கட்டுரைகள். இந்திய மூலிகைகள் பற்றி எஸ்.சி.பக்ராஷியுடன் சேர்ந்து தொகுத்த 6 தொகுதி நூல் வேறு.

1961-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார். அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர். வேதியியல் பிரிவில் அடுத்த பெண் எப்போது வந்தார் தெரியுமா? 2009-இல், சாருசிதா சக்ரவர்த்தி. நடுவில் 48 வருஷம்! அசிமாவைக் கொண்டாடும் பதிவுகளில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

1967-இல் சில மாத இடைவெளியில் அப்பாவையும் கணவரையும் இழந்தார். கொஞ்ச காலம் உடம்பும் படுத்தியது. ஆனாலும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார். 1975-இல் பத்மபூஷண், அதே ஆண்டு இந்திய அறிவியல் காங்கிரஸின் முதல் பெண் தலைவர், 1982 முதல் 1990 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினர். 2006 நவம்பர் 22-இல் காலமானார்.

கடைசியாக ஒன்று. நித்தியகல்யாணி இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லும் வீடியோக்கள் இன்னும் வருகின்றன. 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு டம்ளர் கஷாயத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கும், கூடவே வேறு எந்தெந்த ஆல்கலாய்டு இறங்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. செடியே நச்சுத்தன்மை கொண்டது. தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் இதைப் பயிர் செய்பவர்கள் விற்பது மருந்துக் கம்பெனிகளுக்கு.