மழை மாதங்களுக்குப் பரங்கியும் பூசணியும்

ஐப்பசியும் கார்த்திகையும் நெசவாளர் இல்லங்களில் எவ்வாறு கழிகின்றன என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தெருவில் பாவு விரிக்க இயலாது. கஞ்சியிட்ட பாவு உலராது. குழித்தறியின் குழியில் ஈரம் ஊறும். தறி நின்றால் கூலியும் நிற்கும். அதே வாரங்களில்தான் சந்தைக்கு வரும் காய்கறி குறைந்து விலை ஏறுகிறது. சங்கத்து ஏடுகளைச் சோதனையிட ஊர் ஊராகச் செல்லும் நாம், முன்பணம் கேட்கும் விண்ணப்பங்கள் இம்மாதங்களில் அடுக்கடுக்காகச் சேர்வதைக் கண்டிருக்கிறோம். காரணம் எழுதும் இடத்தில் பெரும்பாலும் ‘குடும்பச் செலவு’ என்ற இரண்டே சொற்கள் இருக்கும். அவற்றுள் கடைப்பற்றும் காய்கறிப்பற்றும் எவ்வளவு என்பது வீட்டுக்காரியைக் கேட்டால்தான் தெரியும்.

அந்தப் பற்றில் ஒரு பகுதியையேனும் குறைக்கவல்ல காய்கள் இரண்டு நம் கொல்லையிலேயே விளையும். ஒன்று பரங்கிக்காய், கொங்கு நாட்டார் அரசாணிக்காய் என்பர். மற்றொன்று சாம்பல் பூத்த வெண்பூசணி. பரங்கி, பெயரே சொல்லுவதுபோல், கடல் கடந்து வந்தது; அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். வெண்பூசணியோ ஆசியாவில் நெடுங்காலமாகப் பயிராவது. உறவுமுறையில் இரண்டும் தூரத்துப் பங்காளிகளே. ஆயினும் ஒரு குணத்தில் ஒத்திருக்கின்றன. கத்தரியும் வெண்டையும் மூன்றாம் நாள் வாடிவிடும். இவை நன்கு முற்றியபின் பறித்து முறையாக வைக்கப்பட்டால் மாதக்கணக்கில் கெடுவதில்லை. குளிர்ப்பெட்டியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

“நாங்கள் பரணில் வைத்த காய் மூன்றே வாரத்தில் அழுகிவிட்டதே” என்று கூறுவோர் உண்டு. விசாரித்துப் பார்த்தால் குற்றம் பரணில் இராது. கொடியிலிருந்து பறித்த நாளிலேயே அது நேர்ந்திருக்கும். பிஞ்சுப் பதத்தில் பறித்த காய் எங்கு வைத்தாலும் நில்லாது. காம்பு ஒடிந்த காயும் அப்படியே. இந்தச் செய்தியை விரித்துச் சொல்லவே இக்கட்டுரை; சாகுபடியைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம்.

பெருமழைக்கு முன்னர்க் காய் வீடு சேர வேண்டுமாதலால், வைகாசிக் கடைசியிலோ ஆனி முதல் வாரத்திலோ விதைப்பது நலம். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 30 செண்டிமீட்டர் உள்ள குழிகளை 2 மீட்டர் இடைவெளியில் எடுத்து, குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இட்டு, 5 விதைகள் ஊன்றி, 15 நாட்களுக்குப்பின் வாளிப்பான 2 நாற்றுகளை மட்டும் விட்டு மற்றவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று குழிகள் போதும். இடமில்லாத வீட்டில் கொடியைக் கூரைமேல் ஏற்றிவிடலாம். நம் பாட்டிமார் செய்ததும் அதுவே. இரகத்தைப் பொறுத்தவரை, கோயம்புத்தூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கோ 1 பரங்கி 7, 8 கிலோ எடைக்கு வளர்வது, வயதும் அதிகம். கோ 2 ஏறத்தாழ 135 நாட்களில் முடிந்து 1½ முதல் 2 கிலோ எடையுள்ள காய்களைத் தருவது. வீட்டுக்குச் சிறிய காயே உகந்தது என்பது நம் கருத்து. வெட்டிய பரங்கி சில நாட்களுக்குமேல் தாங்காது.

முளைத்த இளஞ்செடியின் இலைகளைச் செவ்வண்டு அரிக்கும். காலையில் அது சோம்பியிருக்கும்போது கையால் பொறுக்கிவிடலாம். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இவ்வினக் கொடிகளைக் கருக்கிவிடுமாதலால் அவற்றைத் தூவலாகாது. முதலில் பூக்கும் பூக்கள் உதிர்வது கண்டு பலர் கலங்குவர். அவை ஆண் பூக்கள், உதிரத்தான் செய்யும். அடியில் சிறு பிஞ்சுடன் இருப்பதே பெண் பூ. தேனீ வாராத இடத்தில், விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் தொட்டுவிட்டால் பிஞ்சு நிற்கும். பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று சொல்லிக் குழந்தைகளை அதட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். பாவம், விரலின்மேல் பழி. மகரந்தம் சேராத பிஞ்சு மஞ்சளித்து விழும். பழ ஈ முட்டையிட்ட பிஞ்சு உள்ளே புழுத்து அழுகும். அத்தகைய பிஞ்சுகளைக் குப்பையில் எறியாமல் ஆழப் புதைத்துவிட வேண்டும். இன்றேல் அடுத்த காயும் போகும்.

இனிப் பறிக்கும் பக்குவம். பரங்கியின் தோல் பசுமை மாறிப் பழுப்பேற வேண்டும். நகத்தால் அழுத்தினால் இறங்கலாகாது. காம்பு காய்ந்து கட்டைபோல் ஆக வேண்டும். வெண்பூசணிக்கு மேற்சாம்பல் முழுதும் படிந்திருப்பதே அடையாளம். அரிவாளால் காம்பை நான்கு விரற்கடை நீளம் விட்டு அறுத்து, காயின் அடியில் இரு கைகளும் கொடுத்துத் தூக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்குவது பெரும் பிழை. காம்பு பெயர்ந்த வடுவின் வழியே அழுகல் நுழைந்துவிடும். கீறல் விழுந்த காயை முதல் வாரக் குழம்புக்கு ஒதுக்கிவிடுக.

பறித்தவற்றைக் கழுவாமல், மண்ணை மட்டும் உலர்ந்த துணியால் தட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் 10 நாட்கள் ஆறவிட வேண்டும். வெண்பூசணியின் சாம்பலைத் துடைத்தெடுப்பது அதன் சட்டையைக் கழற்றுவதற்கு ஒப்பாகும். பிறகு பரணிலோ பலகையிலோ வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று இடிக்காமல் வைக்கலாம். தறிக்குழி அருகிலும் வெறுந்தரையிலும் வைத்தால் ஈரம் ஏறிவிடும். உத்தரத்திலிருந்து உறியில் தொங்கவிடும் பழைய வழக்கம் மிகச் சிறந்தது. நாற்புறமும் காற்றுப்படும், எலிக்கும் எட்டாது. வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்து, மெத்தென்று ஆனதை அன்றே எடுத்துவிட வேண்டும்.

மார்கழி, தையில் விதைத்தது சித்திரை, வைகாசியில் கிடைக்கும். அக்கடுவெயில் வடகத்துக்கென்றே வாய்த்தது. வெண்பூசணியைத் துருவி, உப்பிட்டுப் பிழிந்து, 1 கிலோ துருவலுக்குக் கால் கிலோ உளுந்தை ஊறவைத்துக் கெட்டியாக அரைத்துச் சேர்த்து, மிளகாயும் பெருங்காயமும் கூட்டித் துணியில் கிள்ளி வைக்க வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென ஒலிக்கும்வரை காயவிட்டு, காற்றுப் புகாத தகரத்தில் அடைத்தால் மழைக்காலத்துக்கு வெஞ்சனம் ஆயிற்று. பரங்கியை மெல்லிய கீற்றுகளாக்கி, கொதிக்கும் உப்பு நீரில் இரண்டு மூன்று நிமிடம் இட்டெடுத்து உலர்த்தினால் வற்றலாகும். வேகவைத்த பரங்கி விழுதைப் புட்டியில் அடைத்து வைக்கும் பழக்கம் வேண்டா. புளிப்பில்லாத பண்டமாகையால், சாதாரணமாகக் கொதிக்கவைத்து மூடிய புட்டிக்குள் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். கண்ணுக்கோ மூக்குக்கோ அது தெரிவதில்லை. பச்சைத் துண்டை நாவில் வைத்துப் பார்க்கையில் கசக்கும் காயையும் உண்ணாமல் விட்டுவிடுக.

ஆயுத பூசையன்று தறிக்குமுன் ஒரு பூசணியை உடைப்பதில் நமக்கு வழக்கில்லை. அச்சமயம் வெண்பூசணிக்கு விலை ஏறும். விற்போர் அப்போது விற்கட்டும். ஆனால் கொடியில் உள்ளதையெல்லாம், முற்றாததையும் சேர்த்து, வண்டியேற்றிவிட்டுக் கார்த்திகையில் கால் பரங்கியைக் கடனுக்கு வாங்கும் வீடுகளைக் காணும்போது நமக்கு வருத்தமே மேலிடுகிறது.

பெரிய காய் விளைந்த வீடுகளுக்கு ஓர் யோசனை. ஒரே தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம். இந்த வாரம் ஒரு வீட்டுக் காயை வெட்டி ஐந்தாகப் பங்கிடுவது, அடுத்த வாரம் மற்றொரு வீட்டுக் காய். வெட்டியது வீணாகாது, வெட்டாதது பரணில் நிற்கும். இதற்கு மனுவும் தீர்மானமும் தேவையில்லை. சுவரில் ஒரு கரிக்கோட்டுக் கணக்கே போதும்.

விதையையும் அப்போதே எடுத்துக்கொள்ளலாம். முற்றிய நல்ல காயின் விதையைக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைப்பது வழக்கம். பரங்கியும் வெண்பூசணியும் அருகருகே இருந்தாலும் கலப்பதில்லை. ஆனால் இரு வகைப் பரங்கிகள் அடுத்தடுத்து இருந்தால் தேனீயின் வழியே கலந்து, மறுவருடக் காய் வேறு உருவில் வரும். ஆகவே ஒரு தெருவுக்கு ஒரே இரகமாக விதைப்பது என்று சித்திரைக்குள் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.