மார்சேய் நகரைக் காண்போம்



ஓர் ஊரைச் சுற்றிப் பார்ப்பதென்றால் கட்டடங்களையும் கடைத்தெருவையும் பார்த்துத் திரும்புவதுதான் என்று நாம் எண்ணுகிறோம். அவ்வூர் மக்கள் எதனால் வாழ்ந்தார்கள், எதனால் மடிந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கண்டால்தான் அப்பயணம் நமக்குக் கல்வியாகும். இன்று பிரான்சு நாட்டின் தெற்கே, மத்தியதரைக் கடலோரம் அமைந்துள்ள மார்சேய் நகரை அவ்வாறு பார்த்து வருவோம்.

கி.மு. 600ஆம் ஆண்டளவில் கிரேக்கர்கள் கடல் வழியாக வந்து இந்நகரை நிறுவினார்கள். அவர்கள் கப்பல் நிறுத்திய இடமே இன்றைய பழைய துறைமுகம். காலையில் அங்குச் சென்றால், மீனவர்கள் பிடித்து வந்த மீனைக் கரையிலேயே விற்பதைக் காணலாம். விலைபோகாத மீன்களைப் போட்டு மீனவர்கள் தங்களுக்கென்று சமைத்துக்கொண்ட குழம்புக்குப் 'புய்யாபேஸ்' என்று பெயர். ஏழையின் சட்டியில் பிறந்த அந்தக் குழம்பு இன்று பெரிய உணவகங்களில் நல்ல விலைக்குப் போகிறது.

துறைமுகத்திலிருந்து படகேறினால் 'இஃப்' என்னும் சிறு தீவை அடையலாம். 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோட்டை ஒன்று அங்கே இருக்கிறது. பின்னர் அது சிறைச்சாலையாயிற்று. அலெக்சாந்தர் துமா தமது 'மாண்டி கிறிஸ்டோ கோமகன்' நாவலின் நாயகனை இச்சிறையில்தான் அடைத்துக் காட்டினார். ஆனால் கதையில் அல்லாமல் உண்மையாகவே இங்கு அடைக்கப்பட்ட ஒருவரைப் பற்றியும் நாம் அறிய வேண்டும்.

1720ஆம் ஆண்டு மே மாதம் கிழக்கு நாடுகளிலிருந்து ஒரு கப்பல் துணிமூட்டைகளோடு வந்து சேர்ந்தது. வழியிலேயே அதில் பலர் இறந்திருந்தனர். நோய் கண்ட கப்பலின் ஆட்களையும் சரக்கையும் பல நாள் தனித்து வைக்க வேண்டும் என்பது அந்நகரின் சட்டம். ஆனால் கோடைக்காலச் சந்தை நெருங்கிக் கொண்டிருந்தது. நகரப் பொறுப்பில் இருந்தவர்களுள் ஒருவருக்கே அச்சரக்கில் பங்கும் இருந்தது. சட்டம் தளர்ந்தது, துணி வெளியே வந்தது, பிளேக் என்னும் கொள்ளைநோயும் உடன் வந்தது. ஏறக்குறைய 90,000 பேர் வாழ்ந்த நகரில் பாதிப்பேர் வரை மாண்டனர். கப்பலின் தலைவர் இஃப் தீவில் சிறை வைக்கப்பட்டார். இலாபத்திற்காக ஒரு விதியைத் தளர்த்தினால், அதற்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதை இக்கதை காட்டுகிறது.

கரைக்குத் திரும்பி, ரயில்வண்டி நிலையத்துக்கு அப்பால் உள்ள லோன்ஷான் மாளிகைக்குச் செல்வோம். நான்கு காளைகள் பூட்டிய தேரில் ஒரு பெண் நிற்கும் சிலையையும், அதன்கீழ் கொட்டும் அருவியையும் அங்கே காணலாம். அரசரின் வெற்றிக்காக எழுப்பிய மாளிகையன்று இது. குடிநீர் வந்ததைக் கொண்டாட 1869ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்தப் பெண், தியூரான்ஸ் என்னும் ஆற்றின் உருவம்.

1834, 1835ஆம் ஆண்டுகளில் வறட்சியும் காலரா என்னும் வாந்திபேதியும் நகரை வாட்டின. அதன்பின் மோன்ரிஷே என்னும் பொறியாளர் தியூரான்ஸ் ஆற்றிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வெட்டுவித்தார். ஒரு பள்ளத்தாக்கைக் கடக்க 80 மீட்டருக்கும் மேல் உயரமான கல்பாலம் எழுப்பி, அதன்மேல் நீரைக் கொண்டு சென்றனர். 1849ஆம் ஆண்டு தண்ணீர் நகருக்குள் வந்தது.

அத்துடன் நோய் ஒழிந்ததா? இல்லை. 1884ஆம் ஆண்டு காலரா மீண்டும் வந்தது. நல்ல நீர் உள்ளே வர வழி இருந்தது. கெட்ட நீர் வெளியே போக வழியில்லை. 1890களில் நிலத்தடிச் சாக்கடைகள் கட்டப்பட்டன. குழாய் எவ்வளவு முக்கியமோ, கால்வாயும் அவ்வளவு முக்கியம்.

மாலையில், துறைமுகத்தை அடுத்துள்ள குன்றின்மேல் நிற்கும் மாதா கோயிலுக்கு ஏறலாம். உச்சியில் பொன்முலாம் பூசிய மாதா சிலை கடலில் வருவோருக்குத் தொலைவிலேயே தெரியும். மக்கள் அவரை 'நல்ல தாய்' என்று அழைக்கின்றனர். புயலிலிருந்து தப்பிய மாலுமிகள் நேர்த்திக்கடனாகக் கொடுத்த சின்னஞ்சிறு கப்பல் உருவங்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன.

திரும்பும்போது, பெயர்பெற்ற மார்சேய் சவர்க்காரக் கட்டி ஒன்றை வாங்கி வரலாம். கொள்ளைநோயும் வாந்திபேதியும் கண்ட ஊரிலிருந்து கொண்டுவர அதைவிடப் பொருத்தமான பொருள் எது?

நேயர்களே, நம் வீட்டுக் குழாயடியையும் பின்புறக் கால்வாயையும் இன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.